சைஸ் பூஜ்யம், சங்கதி ஏராளம்

செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார்:

"சார், எங்க அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த கவர்ன்மென்ட் லேப்டாப் இப்ப என் கையில இருக்கு. லினக்ஸ்ல நோண்டிக்கிட்டிருந்தேன். 'ப்ராக்'னு ஒரு டைரக்டரி. உள்ளே பேரே இல்லாம வெறும் நம்பரா ஃபோல்டருங்க. 'மெம்இன்ஃபோ'னு ஒரு ஃபைல், சைஸ் பூஜ்யம்னு காட்டுது. திறந்தா முழ நீளத்துக்கு லிஸ்ட். மறுபடி திறந்தா நம்பரெல்லாம் மாறியிருக்கு! இன்னொண்ணு 'கேகோர்'. அதோட சைஸ் 128 டெராபைட். என் ஹார்ட் டிஸ்க்கே 320 ஜி.பி.தான். எல்லாத்தையும் பென் டிரைவ்ல காப்பி பண்ணப் பார்த்தேன், முடியல. வைரஸா சார்? ஃபார்மட் பண்ணிடட்டுமா?"

வேண்டாம் தம்பி. கையை எடுங்கள். வைரஸ் இல்லை. யூனிக்ஸ் உலகத்தின் அழகான யோசனைகளில் ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. ஃபார்மட் பண்ணி அதற்குக் காரியம் செய்துவிடாதீர்கள்.

முதலில் அந்த லேப்டாப்புக்கு ஒரு மரியாதை. 2011 செப்டம்பரில் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு கூடவே 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்றையும் போட்டுக் கொடுத்தார்கள். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் சென்னையில் உட்கார்ந்து செய்தது. முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விண்டோஸில் விஜய் படம் பார்ப்பதோடு திருப்தி. நீங்கள் திறந்தீர்கள். சபாஷ்.

இனி அந்தப் பூஜ்யம் சைஸ் மர்மம்.

உங்கள் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்வோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இவை புத்தகத்தில் இருக்கும். இன்று வந்த எண்கள் இல்லை, நாளைக்கும் மாறாது. ஆனால் 'இப்போது எத்தனை அடி தண்ணீர்?' என்று கேட்டால், அது எங்கேயும் எழுதி இல்லை. மதகுப் பக்கம் இருப்பவருக்குப் போன் போட்டால், அவர் எழுந்து போய் அளவுகோலைப் பார்த்துவிட்டுச் சொல்வார். நீங்கள் கேட்டதால் பிறந்த எண் அது. கேட்காவிட்டால் கிடையாது. 'உங்கள் சட்டைப்பையில் எத்தனை எண்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள்?' என்று அவரைக் கேட்டால், 'ஒண்ணுமில்லீங்க' என்பார். அதுதான் சைஸ் பூஜ்யம்!

ப்ராக் டைரக்டரியில் இருக்கும் ஃபைல் ஒன்றுகூட உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. நீங்கள் 'மெம்இன்ஃபோ'வைத் திற என்றதும், கெர்னல் என்கிற பெரியவர், கம்ப்யூட்டரின் நிஜமான நிர்வாகி, அந்தக் கணத்தில் தன் கணக்குகளைப் பார்த்து, வரி வரியாக எழுதி நீட்டுகிறார். நீங்கள் படித்து முடித்ததும் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். அடுத்த தடவை புதுக் காகிதம், புது எண்கள். ஃபைல் என்பது வெறும் வேஷம். உள்ளே நடப்பது கேள்வியும் பதிலும்.

128 டெராபைட் 'கேகோர்' இதற்கு நேர் எதிர் வேடிக்கை. சுமார் 140 லட்சம் கோடி பைட்டுகள். அது மெமரியின் அளவு இல்லை, விலாசங்களின் அளவு. கெர்னல் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் கதவு எண்களின் நீளம். தெருவில் 140 லட்சம் கோடி வரைக்கும் கதவு எண் போட்டிருக்கிறது, வீடு சில நூறு கோடிதான். மிச்சமெல்லாம் பொட்டல். இதைப் பென் டிரைவில் காப்பி எடுக்க நினைப்பது, பின்கோடு புத்தகத்தைப் பார்த்து இந்தியாவை லாரியில் ஏற்றப் பார்ப்பது மாதிரி.

*

இந்த யோசனை யாருக்கு உதித்தது?

அதற்கு முன் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் அருமை தெரியும். யூனிக்ஸில் 'பிஎஸ்' என்று ஒரு கட்டளை, ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. என்னென்ன புரோக்ராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று பட்டியல் போடும். அது எப்படிக் கண்டுபிடித்தது? சுவரேறிக் குதித்துத்தான்! கெர்னலின் சொந்த மெமரியையே நேராகத் திறந்து, இந்த இடத்தில் இந்த அட்டவணை இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தேடி எடுத்தது. கல்யாண வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று தெரிந்துகொள்ள, சமையல்காரரைக் கேட்காமல் பின்பக்கமாகப் போய் ஒவ்வொரு அண்டாவாகத் திறந்து பார்க்கிற வேலை. அண்டாவை யாராவது இடம் மாற்றி வைத்துவிட்டால் பாயசம் என்று நினைத்து ரசத்தில் கையை விடவேண்டியதுதான். கெர்னல் மாறினால் 'பிஎஸ்'ஸையும் மாற்றி எழுத வேண்டும். தவிர, அண்டாவைத் திறக்கிற உரிமை கொடுத்தால் மற்றவர் ரகசியமும் கண்ணில் படும்.

1984-ல் அமெரிக்காவின் பெல் லாப்ஸைச் சேர்ந்த டாம் கில்லியன் என்பவர் ஒரு கட்டுரை படித்தார். தலைப்பு, 'ப்ராஸஸஸ் அஸ் ஃபைல்ஸ்'. யூனிக்ஸில் ஏற்கெனவே ஒரு வேதவாக்கு உண்டு. பிரிண்டரா, கீபோர்டா, டேப்பா, எதுவாக இருந்தாலும் ஃபைல் மாதிரி நடத்து; திற, படி, எழுது, மூடு. நாலே வினைச்சொல். கில்லியன் கேட்டது, ஓடிக்கொண்டிருக்கும் புரோக்ராமையும் ஏன் அப்படி நடத்தக் கூடாது? ஒவ்வொரு ப்ராஸஸுக்கும் ஒரு ஃபைல். பெயர், அதன் நம்பர். அந்த ஃபைலின் ஆயிரமாவது பைட்டைப் படித்தால், அந்த ப்ராஸஸின் மெமரியில் ஆயிரமாவது விலாசத்தில் என்ன இருக்கிறதோ அது வரும். அவ்வளவுதான். சுவரேற வேண்டாம், வாசல் வழியாக வரலாம். வாசலில் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்பதற்கு ஃபைல்களுக்கு இருக்கிற அதே அனுமதி விதிகள்.

யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் இது வந்தது. அதே பெல் லாப்ஸில் பிற்பாடு செய்த 'பிளான் 9' என்ற சிஸ்டத்தில் (ஒரு மட்டரகமான அமெரிக்கப் பேய்ப் படத்தின் பெயரிலிருந்து சுட்ட பெயர்) ஒரு ப்ராஸஸுக்கு ஒரு ஃபைல் போதாது, ஒரு டைரக்டரியே கொடுப்போம், உள்ளே மனிதர்கள் படிக்கிற மாதிரி எழுத்தில் விவரம் வைப்போம் என்றார்கள். 1992-ல் குழந்தையாக இருந்த லினக்ஸும் இந்தப் பாதையில் போனது. உங்கள் லேப்டாப்பில் தெரியும் நம்பர் ஃபோல்டர்கள் அந்தப் பரம்பரைதான். சட்டைப்பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனிலும் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல் என்பதால், அங்கேயும் ஒரு ப்ராக் இருக்கிறது.

*

நம்பர் ஃபோல்டர் ஒன்றுக்குள் போய்ப் பார்ப்போம்.

'ஸ்டேட்டஸ்' என்ற ஃபைல் ஜாதகக் கட்டம். பெயர், அப்பா யார், எவ்வளவு மெமரி, என்ன நிலைமை, எல்லாம் இருக்கும். நிலைமைக்கு ஓர் எழுத்து. 'ஆர்' என்றால் ஓடுகிறது, 'எஸ்' என்றால் தூக்கம். நூறு ப்ராஸஸ்களில் தொண்ணூற்றுச் சொச்சம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். (எந்த ஆபீஸை ஞாபகப்படுத்துகிறது என்று நான் சொல்லமாட்டேன்.) 'இஸட்' என்றால் ஸோம்பி. செத்துப்போய்விட்டது, ஆனால் பெற்றவர் வந்து மரணச் செய்தியை வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் பதிவேட்டில் பெயர் மட்டும் தொங்குகிறது. மெமரி கிமரி ஒன்றும் பிடிக்காது. 'கில்' கட்டளை கொடுத்தால் சாகவும் சாகாது, செத்தவனை எப்படிச் சாகடிப்பது? பெற்றவரைத்தான் கவனிக்க வேண்டும்.

மெமரி கணக்கில் இரண்டு எண்கள் பார்ப்பீர்கள். ஒன்று 'விஎம்சைஸ்', இன்னொன்று 'விஎம்ஆர்எஸ்எஸ்'. முதலாவது இரண்டாவதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் ஆச்சரியமில்லை. பூந்தமல்லி தாண்டி ப்ளாட் வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். விஎம்சைஸ் என்பது விளம்பர நோட்டீஸ். அறுபதடி ரோடு, பூங்கா, நீச்சல்குளம். விஎம்ஆர்எஸ்எஸ் என்பது ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்கும்போது உண்மையில் எழும்பியிருக்கிற நாலு வீடு. புரோக்ராம் ஒரு ஜி.பி. வேண்டும் என்று கேட்டால் கெர்னல் 'தந்தேன்' என்று சொல்லிவிடும். ஆனால் புரோக்ராம் அந்த இடத்தில் கையை வைக்கும்போதுதான் நிஜ மெமரியை, 4 கிலோபைட் துண்டு துண்டாக, எடுத்துக் கொடுக்கும்.

எல்லா ப்ளாட்காரர்களும் ஒரே நாளில் வீடு கட்ட வந்து நின்றால்? இடம் பற்றாது. கெர்னல் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். நிஜமாகவே. யார் முதல் பலி என்கிற மதிப்பெண்ணும் அந்த ஃபோல்டரிலேயே 'ஊம்_ஸ்கோர்' என்ற ஃபைலில் இருக்கிறது. ஒளிவுமறைவே இல்லாத நிர்வாகம்.

'மெம்இன்ஃபோ'வைப் பார்த்து நிறையப் பேர் பதறுவது 'மெம்ஃப்ரீ' என்ற வரியால். நாலு ஜி.பி. மெஷினில் நூறு எம்.பி.தான் ஃப்ரீ என்று காட்டும். 'ஐயோ, மெமரி போதலை, புதுசு வாங்கணும்' என்று கடைக்கு ஓடுவார்கள். கடைக்காரரும் தடுக்கமாட்டார். கல்யாணப் பந்தியில் எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கிறது. ஆனால் உற்றுப் பாருங்கள், பாதி நாற்காலியில் சின்னப் பசங்கள் விளையாட்டாக உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் வந்தால் 'எழுந்திருடா' என்றால் எழுந்துவிடுவார்கள். காலியாகக் கிடக்கிற மெமரியில் கெர்னல், சமீபத்தில் படித்த ஃபைல்களின் நகலை வைத்துக்கொள்கிறது. சும்மா கிடப்பதற்குப் பதில், மறுபடி கேட்டால் சட்டென்று கொடுக்கலாமே என்று. தேவை வந்தால் அதைக் காலி செய்துவிடும். இந்தப் பதற்றத்தைத் தீர்க்கத்தான் 2014-ல் 'மெம்அவெய்லபிள்' என்று இன்னொரு வரி சேர்த்தார்கள். பசங்களை எழுப்பிவிட்டால் எத்தனை இடம் தேறும் என்கிற கணக்கு. பார்க்க வேண்டிய எண் அதுதான்.

*

'இதெல்லாம் சரி சார், வயித்துக்கு உதவுமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை. எனக்குத் தெரிந்தவர் நடத்துகிறார். கணக்கு எழுதும் பெண், இடம் பற்றவில்லை என்று பழைய ஃபைல்களை அழித்துக்கொண்டு வந்தவர், மூன்று மாதத்து பில் விவரம் முழுக்க இருந்த ஃபைலையும் சேர்த்து அழித்துவிட்டார். பேக்கப்? 'அடுத்த மாசம் ஆரம்பிக்கலாம்னு இருந்தோம்.' அந்த அம்மா அழுகிற சத்தம் போனிலேயே கேட்டது. முதலாளி சொன்னார், "சார், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்கட்டுமா?"

"தொடாதீங்க! பில் போடற புரோக்ராம் இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"அப்படியே விடுங்க. கரண்ட் போகாம இருக்கணும்னு மட்டும் வேண்டிக்கோங்க."

விஷயம் இதுதான். யூனிக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. அழி என்றால் பெயரைத்தான் அடிக்கும். ரேஷன் கார்டில் பெயரை நீக்கிவிட்டார்கள், ஆனால் ஆசாமி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்கிற நிலைமை. அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் கடைசி புரோக்ராம் அதை மூடுகிறவரை கெர்னல் உள்ளடக்கத்தைத் தொடாது. எந்தெந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்பது அந்த புரோக்ராமின் நம்பர் ஃபோல்டருக்குள் 'எஃப்டி' என்ற டைரக்டரியில் இருக்கும். போனிலேயே வழி சொன்னேன். பட்டியலில் பில் ஃபைலின் பெயர், பக்கத்தில் 'டெலீட்டட்' என்ற குறிப்போடு நின்றது. அதையே 'கேட்' கட்டளையால் படித்து வேறு பெயரில் எழுதச் சொன்னேன். மூன்று மாதமும் திரும்பி வந்தது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை போயிருக்கும்.

பேக்கப் மறுநாளே ஆரம்பித்துவிட்டார்களாம்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லவேண்டும். இந்த ஃபோல்டரில் 'கமாண்ட்லைன்' என்று ஒரு ஃபைல், புரோக்ராமை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்களோ அதை அப்படியே காட்டும். சாதாரணமாக, அதே மெஷினில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். கட்டளையோடு பாஸ்வேர்டையும் சேர்த்து அடிக்கிற பழக்கம் உள்ளவர்கள், திருமண மண்டப மைக்கில் ஏ.டி.எம். நம்பரைச் சொல்கிறவர்களுக்குச் சமம். ஆண்ட்ராய்டில் 2016-ல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து, ஓர் ஆப் மற்ற ஆப்களின் நம்பர் ஃபோல்டர்களை எட்டிப்பார்க்க முடியாதபடி திரை போட்டுவிட்டார்கள். வீட்டு லினக்ஸிலும் அந்தத் திரை போட வழி உண்டு. அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பது உத்தமம்.

ப்ராக்கில் சில ஃபைல்களில் எழுதவும் முடியும். 'ஐபி_ஃபார்வர்ட்' என்ற ஃபைலில் பூஜ்யத்துக்குப் பதில் 1 என்று எழுதினால், உங்கள் லேப்டாப் அந்தக் கணமே ஒரு பக்கம் வரும் நெட்வொர்க் பாக்கெட்டை மறுபக்கம் அனுப்ப ஆரம்பித்துவிடும். இது அளவுகோல் இல்லை, மதகு! உங்கள் ஊரில் 5 கண் மதகு, 19 கண் மதகு இருக்கிற மாதிரி. அளவுகோலை யாரும் பார்க்கலாம். மதகுச் சாவி 'ரூட்' ஒருவரிடம்தான்.

*

கடைசியாக, உங்கள் காப்பி எடுக்கும் ஆசைக்கு வருகிறேன். ப்ராக்கைக் காப்பி எடுப்பதில் அர்த்தமில்லை என்பதற்குக் காரணம் டெக்னிக்கலானது மட்டும் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பற்றிய உண்மையைச் சேமித்து வைக்க முடியாது. கேட்கத்தான் முடியும். கேட்ட பதிலும் கையில் வந்த நிமிஷத்திலிருந்து பழசாக ஆரம்பித்துவிடும். 4127 என்ற நம்பர்தான் வம்பு செய்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, காபி சாப்பிட்டுவிட்டு வந்து 'கில் 4127' என்று அடித்தால், இடையில் பழைய 4127 தானாகவே முடிந்து, அந்த நம்பர் வேறொரு அப்பாவிக்குக் கிடைத்திருக்கலாம். டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி, நம்பர்கள் சுற்றிச் சுற்றி வரும். காலையில் 17-ம் நம்பருக்குச் சொன்ன ஊசியைச் சாயங்காலம் 17-ம் நம்பருக்குப் போட்டால் என்ன ஆகும்?

செம்பரம்பாக்கத்துக்காரருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையில், மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், உங்கள் ஊரில் மட்டும் 47 சென்டிமீட்டர். ஏரியிலிருந்து அடையாற்றில் விட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. கீழே, ஆற்றோரத்தில் தூங்கப் போனவர்களுக்குத் தெரிந்திருந்தது சாயங்காலத்துச் செய்தி. வீட்டுக்குள் வந்தது ராத்திரித் தண்ணீர். தண்ணீர் திறந்த விதத்தை 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கடுமையாகக் குறை சொன்னது. அரசுத் தரப்பில் வரலாறு காணாத மழை என்றார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் அதே ஏரி 2019 கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது 22 அடியைத் தொட்டதும் மதகைத் திறந்தார்கள், முதலில் 1,000 கன அடிதான், அறிவிப்புக் கொடுத்து. ஏரி ஒன்றுதான். 'செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் எவ்வளவு?' என்ற ஒரே கேள்விக்கு இத்தனை பதில்கள், அத்தனையும் சரி, அந்தந்த நேரத்துக்கு.

ஆகவே தம்பி, ப்ராக்கிலிருந்து எந்த எண்ணை எடுத்தாலும் பக்கத்தில் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும் முன்னால் இன்னொரு தடவை கேளுங்கள். கெர்னல் சலித்துக்கொள்ளாது. எத்தனை தடவை கேட்டாலும் புதிதாகப் பார்த்துத்தான் சொல்லும்.

போன மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனபோது, ஏரிக்கரை டீக்கடையில் "ஏரியில எத்தனை அடி தண்ணிங்க?" என்று விசாரித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே திருப்பிக் கேட்டார்:

"காலையிலயா, இப்பவா?"

யூனிக்ஸ் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.